காதுயரம்

கடற்கரையில் மீன் எடுத்து விற்கிற பெண் எத்தனை சமர்த்தாக இருந்தாலும் நிறைந்த சருவத்தை, அந்த அகல வாய்ப் பாத்திரத்தை, தானே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. எதிரே ஒருத்தி குனிய வேண்டும். ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்து முட்டு, வயிறு, நெஞ்சு என்று மேலே கொண்டுவந்து, கடைசியில் எதிரே நிற்பவள் இரண்டு கைகளையும் உயர்த்தி ஒரு உந்து உந்தினால்தான் சருவம் சும்மாட்டில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் சுமைக்காரி மணலில் ஏறிப் போய், மேட்டில் நிற்கிற ஆட்டோவில் மீனைத் தட்டிவிட்டு வெறுஞ்சருவத்தோடு இறங்கி வருவாள். அதுவரை மற்றவள் காக்காயையும் நாயையும் விரட்டிக்கொண்டு காவல் நிற்பாள். வந்தவள் இவளுக்கு ஏற்றிவிடுவாள். இனயம் கடற்கரையில் இதற்குக் கூலி கிடையாது. நன்றி சொல்லுகிற வழக்கமும் கிடையாது. உன் தலைக்கு நான், என் தலைக்கு நீ. கை கொடுக்க முடியாதவள் கை கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

சகாயசெல்விக்கு வேளாங்கண்ணிதான் கை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். இரண்டு பேரும் நல்ல உயரம். பனை இரண்டு போகுது என்று வலை பின்னுகிற ஆண்கள் சொல்வார்கள். சண்டை போட்டுப் பேச்சில்லாமல் இருந்த மாதங்களிலும்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

தவக்காலத்தில், சாளை மலிந்து கிடந்த ஒரு காலையில், வேளாங்கண்ணியின் சருவத்தை உந்தும்போது சகாயசெல்வியின் வலது தோளுக்குள் சுருக்கென்று ஒன்று பிடித்தது. அன்றைக்கு அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் தலை வாரக் கை எழும்பாதபோது மருமகள் அஜிஷா பார்த்துவிட்டாள். அஜிஷா பார்த்தால் மஸ்கட்டில் இருக்கிற பிரபின் பார்த்த மாதிரி. ஏசி மெக்கானிக்காக அங்கே மொட்டைமாடிகளில் வெயிலில் கிடக்கிறவன், அம்மாவுக்குத் தலைவலி என்றாலே போனில் எதையாவது தேடிப் படித்துப் பயந்துவிடுவான். உடனே விளித்தான்.

"அம்மா, கையை அசைக்கப்படாது. கேட்டியா? அசைச்சா கிழிஞ்சு போவும்னு போட்டிருக்கான். அஜிஷாட்ட சொல்லி மெடிக்கல்ல இருந்து கையைத் தூக்கிக் கெட்டுத துணி வாங்கிப் போடு. ஒரு வேலையும் செய்யப்படாது."

பிள்ளையின் குரல் நடுங்கியதால் சகாயசெல்வி கட்டுப்பட்டாள். அவள் வாழ்நாளில் ஒரு ஆள் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவே தப்பாகப் போயிற்று. நீலத் துணியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குருத்தோலை ஞாயிற்றுக்குப் போனாள், ஈஸ்டருக்குப் போனாள். வீட்டில் எல்லோரும் அவளைப் பூப்போல வைத்துக்கொண்டார்கள். அஜிஷா தலை பின்னிவிட்டாள். புருஷன் ஆன்ட்ரூஸ் கிணற்றில் வெள்ளம் கோரித் தந்தான். கோடையில் ஒருநாள் வலி கொஞ்சம் அடங்கியதே என்று துணியை அவிழ்த்தாள். கை நெஞ்சளவுக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடை போகவில்லை. இழுத்தால் தோளோடு முதுகும் சேர்ந்து எழும்பியது.

கருங்கலில் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் பிசியோதெரபி சென்டர் இருந்தது. அங்கே இருந்தது தேங்காப்பட்டணத்துப் பெண், நஸீபா. அவள் சகாயசெல்வியின் கையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளும்மா இதைத் தொட்டில்ல போட்டு வச்சிருந்தீங்க?"

"தவக்காலம் முழுக்க. அதுக்குப் பொறவும்."

"யாரு சொன்னா?"

"எனக்க மொவன்."

"மொவன் டாக்டரா?"

"ஏசிக்குக் கேஸ் அடிக்கவன்."

நஸீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய பை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. கை அசைந்துகொண்டே இருந்தால்தான் அது இளகி இருக்கும். பிடித்த நாளிலேயே வலி பொறுக்கிற அளவுக்கு மெல்ல மெல்ல அசைத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. சும்மா கட்டிப் போட்டதில் அது சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொண்டது. தசையும் அப்படித்தான், வேலை கொடுக்காவிட்டால் வற்றிப்போகும். இந்த வயதில் வேகமாக வற்றும்.

"அப்பம் இளகுமா இளகாதா? அதைச் சொல்லு பிள்ள."

"இளகும். ஆனா மாசக்கணக்கா ஆவும். வலிக்கும். நான் இங்க செய்யது கொஞ்சம்தான், வீட்ல நீங்க செய்யதுதான் காரியம். சுவரில விரலை நடத்தணும், நண்டு ஏறுத மாதிரி. கையைத் தொங்க விட்டு ஆட்டணும். ஸ்டூல்ல இருந்து கை ஊணாம எழும்பி எழும்பி உக்காரணும்."

"கை நோவுன்னு வந்தா காலை மடக்கச் சொல்லுதியே?"

"துணி கெட்டுனதுல இருந்து நடையே இல்லைல்லா? தொடையைப் பாருங்க, தொளதொளன்னு கெடக்கு. தோளுக்கு வேலை குறையணும்னா காலும் இடுப்பும் சுமக்கணும். சரி, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சோறும் மீன் கறியும்."

"எத்தனை கண்டம் மீன்?"

சகாயசெல்வி மீன் விற்றே வீடு கட்டியவள். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடு. ஆனால் சதைப்பற்றுள்ள நடுக்கண்டம் ஆன்ட்ரூஸுக்கு. அடுத்தது பிரபின் இருந்த காலத்தில் பிரபினுக்கு, இப்போது பிள்ளைத்தாய்ச்சியான அஜிஷாவுக்கு. அவளுக்குத் தலையும் வாலும் சட்டியில் ஒட்டின மசாலாவும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை, நினைத்துப் பார்த்ததுமில்லை.

"சாறு ஊத்தித் தின்னேன்" என்றாள்.

"சாறுல தசை வளராதும்மா. மீனு, முட்டை, பயறு, ஏதாவது நேரா நேரத்துக்கு உள்ள போவணும். நான் சொல்லுத பயிற்சியை வெறும் வயித்தோட செஞ்சா ஒண்ணும் ஒட்டாது."

அன்று சாயங்காலம் ஆன்ட்ரூஸ் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சட்டியில் பாறை மீன் தேங்காய் அரைத்த கறியில் கிடந்தது. சகாயசெல்வி அவனுக்கு ஒரு கண்டம் வைத்தாள், அஜிஷாவுக்கு ஒரு கண்டம் வைத்தாள். பிறகு அகப்பையை அடியில் விட்டுத் துழாவி, இருந்ததில் பெரிய நடுக்கண்டத்தைத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, அவர்களோடேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

ஆன்ட்ரூஸ் உருட்டின சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தான்.

"என்னவுள்ள இது?"

"மீனு."

"மீனுன்னு தெரியும். எனக்குக் கிட்டுனது வாலுப் பக்கமால்லா இருக்கு."

"வாலும் மீன்தான். நான் இவ்வளவு நாளு தின்னு பாத்தேன். ஒண்ணும் செய்யாது."

"கருங்கல்ல போயி இதுதான் படிச்சிட்டு வந்தியா?"

"ஓ. மருந்துன்னு எழுதித் தந்திருக்கா. வேணுங்கில் போயிக் கேளும்."

அஜிஷா குனிந்துகொண்டு சிரித்ததில் புரையேறிவிட்டது. ஆன்ட்ரூஸ் வாலைத் தின்றான். முள் எடுக்கத் தெரியாமல் பாதிச் சோற்றில் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, "சவம், இதை எப்பிடித்தான் தின்னியோ" என்றான். மறுநாள் சந்தையிலிருந்து வரும்போது முட்டை வாங்கிக்கொண்டு வந்தான். யாருக்கென்று சொல்லவில்லை.

சுவரில் விரல் நடத்துவதுதான் வம்பாகப் போயிற்று. வீட்டுக்குள் எல்லாச் சுவரிலும் ஏதாவது ஒன்று இருந்தது. அலமாரி, திருக்குடும்பப் படம், பிரபினின் கல்யாண போட்டோ. வெறுமையாகக் கிடந்தது தெருவைப் பார்த்த முன்சுவர் ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிரபின் பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்த சுவர். காலையும் மாலையும் சகாயசெல்வி அதன் எதிரே நின்று, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஏற, பல்லைக் கடித்துக்கொண்டு கையை மேலே நடத்தினாள். நெஞ்சுக்கு மேல் வந்ததும் தோளுக்குள் சுட்ட கம்பியை விட்ட மாதிரி எரியும். அந்த இடத்தில் நின்று மூச்சை விட்டு, இன்னும் கொஞ்சம். தண்ணிக் குடத்தோடு போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன அக்கா, பல்லி பிடிக்கியளா?"

"ஓ. பிடிச்சு ஒனக்க வீட்ல விடலாம்னு பாக்கேன்."

அஜிஷாவுக்குப் பெயின்ட் கவலை. "மாமி, சுவரெல்லாம் கை அழுக்கு. அவரு வீடியோல பாத்தா கேப்பாரு."

"கேட்டா, உங்க அம்மை ஏறுன வழின்னு சொல்லு."

கேட்டான். வீடியோவில் அஜிஷாவின் பின்னால் அம்மா சுவரில் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கத்தினான். முகத்தில் தூசியும் வியர்வையும் வழிய ஒரு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, உனக்கு அறிவு உண்டா? கை கிழிஞ்சு கெடக்குன்னு சொல்லுகேன், சுவரைப் பிடிச்சு இழுத்துட்டு நிக்கிய!"

"கிழியல்ல மக்கா, ஒட்டிக் கெடக்கு. நீ சொல்லிக் கெட்டிப் போட்டதுல ஒட்டுனது."

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. சகாயசெல்விக்கே சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அவன் விடவில்லை.

"செரி, அது எனக்க தப்பு. ஆனா எதுக்கு இப்பம் இந்தப் பாடு? நான் சம்பாதிக்கம்லா? இனி கடப்புறத்துக்குப் போவாண்டாம். இருந்து சாப்பிடு. பேரப்பிள்ளை வரப்போவுது, அதைப் பாத்துட்டு இரி."

"பிள்ளையை ஒரு கையால எப்பிடிலே தூக்குவேன்?"

"அம்மா, நான் சீரியஸா பேசுகேன். ராத்திரி உறக்கம் வரல்ல எனக்கு. நீ மத்திகோட்டு ரோட்டுல சருவத்தோட விழுந்து கெடக்க மாதிரி கனா காணுகேன்."

"நான் வீட்ல இருந்து விழுவேன் மக்கா. இந்த இருப்பு இருந்தா ரெண்டு வருசத்துல கக்கூசுக்கு எழும்ப ஆளு பிடிக்கணும். எனக்குத் தெரியும். எனக்க ஒடம்பை எனக்குத் தெரியாதா?"

அவன் வைத்துவிட்டான். சகாயசெல்வி திரும்பவும் சுவரைப் பார்த்து நின்றாள். அன்றைக்கு விரல் நேற்றைய அழுக்கைத் தாண்டியது.

ஆட்டோ கொண்டுபோய் விடுகிற மத்திகோட்டில் அவளுக்கு வழக்கமாக மீன் கொடுக்கிற வீடுகள் உண்டு. சருவத்தை இறக்க அந்த வீட்டுப் பெண்களே வாசலுக்கு வருவார்கள். யார் வீட்டில் நெய்மீன் வேண்டும், யார் வீட்டில் பூனைக்குக்கூடச் சாளைதான், எந்த மாமிக்கு முறித்துக் கழுவிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒருத்தி நடந்து பழகின வீடுகளுக்குள் இன்னொருத்தி போகமாட்டாள். போனால் கடற்கரையில் பெரிய வழக்காகும்.

ஆனியில், கடல் கொந்தளித்து வள்ளங்கள் ஒன்றிரண்டு மட்டும் போய்வந்துகொண்டிருந்த சமயம், மத்திகோட்டு டீச்சர் ஒருத்தி நஸீபாவிடம் முட்டுவலிக்கு வந்திருந்தாள். சகாயசெல்வியைப் பார்த்ததும், "என்ன மீன்காரம்மா, தொழிலை அந்த உயரமான அம்மாட்ட குடுத்துட்டீங்களாமே? உங்க மகன்தான் ஏற்பாடுன்னு சொன்னாங்க. நல்லது, நல்லது, ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

சகாயசெல்வி பயிற்சியை முடிக்காமல் பஸ் ஏறினாள். வீட்டுக்குப் போகாமல் நேரே கடற்கரைக்கு இறங்கினாள். வேளாங்கண்ணி நெத்தோலி எடுத்துச் சருவத்தில் நிரப்பிக்கொண்டிருந்தாள். கூட அவளுடைய நாத்தனார்.

"ஏட்டி, எனக்க வீடுவளுக்குப் போறியா நீ?"

வேளாங்கண்ணி நிமிரவில்லை. "போறேன்."

"நான் செத்தா போனேன்?"

"ஏட்டி செல்வி, கோவப்படாத. உனக்க மொவன் போன்ல விளிச்சான். மாமி, நீங்க அந்த வீடுவளை எடுத்துக்கிடுங்க, அப்பத்தான் அம்மா அடங்கி இருப்பான்னு சொல்லிக் கரஞ்சான். வளந்த பய கண்ணீரு விட்டுக் கரயுகான். நான் என்ன செய்யட்டு?"

"எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ விடுவியா?" வேளாங்கண்ணி இப்போதுதான் நிமிர்ந்தாள். "இஞ்ச பாரு. சண்டை வேண்டாம். உனக்கு நான் எத்தனை காலம் கை கொடுத்தேன். இப்பமும் கொடுப்பேன். நீ எனக்க சருவத்தை ஒரு தடவை தூக்கித் தா. தந்தியானா, வீடுவளை இந்த நிமிசமே விட்டுத் தாறேன். அதுக்கு மேல ஒரு பேச்சு இல்ல."

நியாயமான பேச்சுதான். சுற்றி நின்றவர்கள் ஏலத்தை விட்டுவிட்டு இங்கே திரும்பினார்கள். சகாயசெல்வி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். முட்டு வந்தது, வயிறு வந்தது. நெஞ்சுக்கு வந்ததும் மூச்சைப் பிடித்து உந்தினாள். இடது கை மேலே போயிற்று. வலது கை கன்னத்துக்கு நேரே வந்து பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. வேளாங்கண்ணியின் தலை இன்னும் மேலே இருந்தது. சருவம் ஒருக்களித்துச் சாய்ந்து, நெத்தோலி முழுக்க மணலில் வெள்ளியாகக் கொட்டியது. காக்காய்கள் இறங்கின.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வேளாங்கண்ணி மீனை அள்ளி அலசப் போனாள். அவள் கண் கலங்கியிருந்தது. சகாயசெல்வி உட்கார்ந்து இடது கையால் தானும் அள்ளிக் கொடுத்துவிட்டு, கடைசி மீனையும் பொறுக்கிப் போட்ட பிறகுதான் எழுந்து போனாள்.

மறுநாள் நஸீபா திட்டினாள். "யாருட்ட கேட்டுத் தூக்குனீங்க? உள்ள வீங்கியிருக்கு. ஒரு வாரம் பின்னால போயாச்சு."

"ஒட்டுனது முழுசும் விட்டு வருமா வராதா? பொய்யாறுதல் சொல்லாத."

"முழுசா வரலாம். வராமலும் போவலாம். காது உயரம் வரைக்கும் வந்திரும், அது எனக்கு நிச்சயம். அதுக்கு மேல தலைக்கு மேல நிமித்தி ஒரு பாரத்தை உந்துதது இந்த வருசம் நடக்காது. நடக்கவும் விட மாட்டேன்."

"காதுயரம்."

"ஓ, காதுயரம்."

பஸ்ஸில் வருகிற வழி முழுக்க அவள் அந்த உயரத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் கம்பியில், முன்சீட்டில், கண்டக்டரின் தோளில், எல்லாவற்றிலும் அதை அளந்து பார்த்தாள். இனயத்தில் இறங்கி நடந்தபோது எதிரே மரியபுஷ்பம் வந்தாள்.

மரியபுஷ்பம் குள்ளம். நிமிர்ந்து நின்றாலும் சகாயசெல்வியின் தோளுக்குக் கீழேதான். மற்றவர்கள் தலைக்குச் சருவத்தோடு அவள் கை எட்டாது. எட்டாததால் அவளுக்கு ஏற்றிவிட யாரும் இல்லை. ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வலைக்காரர்கள் யாரையாவது கெஞ்சுவாள். அவர்கள் ஏற்றிவிடுவார்கள், ஏற்றிவிடும்போது ஒன்று சொல்வார்கள். ஐஸ்பெட்டி ஒன்று கொண்டுவரட்டா, ஏறி நிற்பியா என்பார்கள். அவள் ஊர்களுக்குப் போய்ச் சேரும்போது மற்றவர்கள் விற்று முடித்திருப்பார்கள்.

"ஏட்டி புஷ்பம், நில்லு. நாம ரெண்டு பேரும் கை சேருவோமா?"

கேலி செய்கிறாள் என்று நினைத்து மரியபுஷ்பம் முகத்தைக் கோணினாள். "எக்கா, ஒங்களுக்குக் கை வய்யாம இருக்குன்னு பாவம் பாத்தா, நீங்க என்னைக் களியாக்குதியளா?"

"களியாக்கல்ல. உனக்க தலை எனக்கு எங்க வருகு?" சகாயசெல்வி அவள் எதிரே நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். வலது கை பையப் பைய ஏறித் தாடையோரம் நின்றது. மரியபுஷ்பத்தின் கொண்டை அதற்குக் கீழே இருந்தது. "பாத்தியா? இது காது வரைக்கும் வரும். உனக்கு ஏத்தி விட எனக்கு அது போரும்."

"செரி, ஒங்களுக்கு யாரு ஏத்துவா? நான் பறந்தா?"

"நான் குந்தி இருப்பேன். நீ தூக்கி வையி. நான் எழும்புகேன்."

"சருவத்தோடயா? இந்த வயசுலயா?"

"வயசைப் பத்தி நீ பேசாத. வாறியா மாட்டியா?"

சகாயசெல்வி நஸீபாவிடம் போய்ச் சண்டை பிடித்தாள். சந்தை மாதிரி பேரம். நஸீபா அரைச் சருவத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் ஸ்டூலில் இருந்து, பிறகு தாழ்ந்த பலகையில் இருந்து, முதுகு வளையாமல், மூச்சை விட்டுக்கொண்டு எழும்ப வேண்டும் என்றாள். முட்டில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும் என்றாள்.

"அரைச் சருவம் கொண்டு போனா கடப்புறத்துல சிரிப்பாளுவ, பிள்ள."

"சிரிக்கட்டும். சிரிச்சா அவங்க வயித்துத் தசைக்கு நல்லது."

முன்வாசலில் சருவத்தில் ஈர மணலை நிரப்பிப் பழகினார்கள். முதல் நாள் சகாயசெல்வி பாதி எழும்பி, ஆடி, மணலோடு பின்னால் உட்கார்ந்துவிட்டாள். மரியபுஷ்பத்தின் வாயிலும் மணல். தெருவே வேலிக்கு வெளியே நின்றது. ஆன்ட்ரூஸ் சாயா கிளாசோடு வந்து பார்த்தான்.

"என்னவுள்ள, இனி மண்ணு விக்கவா போறிய?"

"ஓ. உமக்கு எத்தனை சருவம் வேணும்?"

"ஏட்டி செல்வி, காலை அகட்டி வையி. வள்ளத்துல நிக்க மாதிரி. ரெண்டு காலையும் ஒட்டி வச்சா எவனும் கவுந்து போவான்."

அவள் அவனை முறைத்துப் பார்த்தாள். பிறகு காலை அகட்டி வைத்தாள். தொடை இரண்டும் நடுங்கின. நடுக்கத்தோடேயே எழும்பினாள். எழும்பி நின்றபோது ஆன்ட்ரூஸ் சாயாவைக் குடிக்க மறந்து நின்றான். அஜிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மாமி, இதை நான் அவருக்கு அனுப்பட்டா?" என்று போனைத் தூக்கினாள்.

"அனுப்பாத. பயந்து பேடிச்சு லீவு போட்டு வந்துருவான்."

ஆடி முழுக்க மழைக்கும் காற்றுக்கும் நடுவில் அது நடந்தது. சில நாள் வலியில் கண்ணீர் வந்தது. சில நாள் கை முந்தைய நாளைவிடக் கீழே நின்றது. அன்றைக்கெல்லாம் அவளோடு யாரும் பேச முடியாது. மீன் கிடைக்காத நாட்களில் பயறு அவித்துத் தின்றாள். தெருக்காரர்களுக்கு அது பழகிப் போயிற்று. தண்ணிக்குப் போகிற இரண்டு பெண்கள் தங்களுக்கும் தோளில் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பச்சைச் சுவரில் விரல் நடத்திவிட்டுப் போனார்கள்.

கடல் தணிந்து வலையில் கணவாய் மீன் படத் தொடங்கிய முதல் காலையில் கடற்கரை திருவிழாக் கூட்டமாக இருந்தது. சகாயசெல்வி நீலக்கரை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி வந்ததைப் பார்த்து ஏலக்காரன்கூட ஒரு விலையை இரண்டு தடவை சொன்னான். அவளும் மரியபுஷ்பமும் பங்கு போட்டு எடுத்தார்கள். ஆளுக்கு அரைச் சருவம். பக்கத்தில் வேளாங்கண்ணியும் நாத்தனாரும் நிறைசருவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மரியபுஷ்பத்தின் முறை. இரண்டு பேரும் குனிந்தார்கள். முட்டு, வயிறு, நெஞ்சு. சகாயசெல்வியின் வலது கை கன்னத்தைத் தாண்டியது, காதோரம் வந்தது, அங்கேயே நின்றது. அதுவே போதுமாயிருந்தது. சருவம் சும்மாட்டில் பொத்தென்று உட்கார்ந்தது. மரியபுஷ்பம் ஒரு நிமிடம் நகரவே இல்லை. கூட்டம் கலைவதற்கு முன்னால், எந்த ஆணையும் கெஞ்சாமல், தலையில் சுமையோடு நிற்கிறாள். பிறகு மணலில் ஏறி ஓடாத குறையாகப் போனாள்.

சகாயசெல்வி காவல் நின்றாள். காக்காயை விரட்டினாள். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மரியபுஷ்பம் திரும்பி வருகிற வரைக்கும் அவள் தன் தொடைகளை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வந்ததும் காலை அகட்டிக் குந்தினாள். மரியபுஷ்பம் சருவத்தை வயிற்றில் அணைத்துத் தூக்கி அவள் தலையில் வைத்தாள். கணவாய் நீர் நெற்றியில் வடிந்து கண்ணில் எரிந்தது.

"அவளைப் பிடிங்கடீ, விழுவா" என்றது ஒரு குரல்.

"தொடாதிங்க" என்றாள் வேளாங்கண்ணி. "அவ எழும்புவா."

மூச்சை விட்டாள். குதிகால் மணலில் புதைந்தது. முட்டு இரண்டும் நடுங்கின. நடுங்கட்டும் என்று விட்டாள். இடுப்பு நிமிர்ந்தது. கடல் கண்ணுக்கு நேரே வந்தது, பிறகு கண்ணுக்குக் கீழே போயிற்று. நின்றாள். இடது கை விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கை முழங்கை மடிந்து, காதை ஒட்டிச் சருவத்தின் அடியைத் தாங்கியிருந்தது.

அப்படியே திரும்பினாள். தலை திரும்பாது என்பதால் ஆள் முழுக்கத் திரும்பினாள்.

"ஏட்டி வேளாங்கண்ணி. ஒன்னைத் தூக்க எனக்குக் கை எட்டல்ல. எட்டவும் செய்யாது போல. ஆனா மத்திகோட்டுக்கு நான் இன்னைக்குப் போறேன்."

வேளாங்கண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சொன்ன பேச்சுப்படி நீ எனக்குத் தூக்கித் தரல்லியே."

"தரல்ல. அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. டீச்சருக்கு மீனு முறிச்சுக் கழுவிக் கொடுக்கணுமாம், எனக்கிட்ட ஒரு மாசமாச் சண்டை. அவளை நீயே வச்சு மாரடி." வேளாங்கண்ணி நாத்தனாரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பனை ரெண்டுல ஒண்ணு போயி முருங்கையும் கத்திரியுமா நிக்கு, கண்றாவி."

சிரிப்பு கடற்கரை முழுக்கப் பரவியது. மரியபுஷ்பம்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

சகாயசெல்வி மேட்டைப் பார்த்து நடந்தாள். பாதி மணல் ஏறும்போது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. இந்த நேரத்தில் அடிக்கிறவன் ஒருத்தன்தான். வேலைக்கு வண்டி ஏறுவதற்கு முன்னால் அம்மா எங்கே இருக்கிறாள் என்று கேட்காமல் அவனுக்கு அன்றைய நாள் தொடங்காது.

"எக்கா, போனு. எடுத்துக் காதுல வைக்கட்டா?" என்று பக்கத்தில் ஓடி வந்தாள் மரியபுஷ்பம். நெட்டைக்காரியின் எட்டுக்கு ஈடாகக் குதித்துக் குதித்து வந்தாள்.

"கிடந்து அடிக்கட்டு."

"பிரபினாத்தான் இருக்கும். பேடிப்பான்."

"பேடிக்கட்டு. பொறவு விளிச்சுச் சொல்லுகேன்." மூச்சு வாங்கியது. நிற்கவில்லை. "அம்மைக்கு ரெண்டு கையும் மேல இருந்துன்னு."